கேம்ஸ்கொம் கண்காட்சி: விளையாடிப் பார்க்க நேரம் ஒதுக்கித் தர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாத இறுதியில் ஜேர்மனியின் கொலோன் நகரில் நடைபெறும் கேம்ஸ்கொம் வீடியோ கேம் கண்காட்சியைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். கூட்டத்தின் அளவையும், வேடமணிந்து வந்த இளையோரின் உற்சாகத்தையும், மேடையில் வெளியான அறிவிப்புகளையும் அச்செய்தி நன்றாகவே எடுத்துரைத்திருந்தது. ஆயினும் இவ்வளவு பிள்ளைகள் அங்கே எதற்காகப் போகிறார்கள் என்பதை அது சொல்லாமல் விட்டுவிட்டது. இன்னும் கடைக்கு வராத ஒரு விளையாட்டைத் தம் கையாலேயே விளையாடிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவர்கள் போகிறார்கள். பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி, அதிகாலையிலேயே ரயிலேறிச் செல்லும் பலருக்கு அந்த ஒன்று மட்டும் கிடைக்காமல் போகிறது. நோர்த்ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தில் வாழ்ந்து, வளரும் பிள்ளைகளை இக்கண்காட்சிக்கு அழைத்துச் செல்லும் தந்தை என்ற முறையில், இக்குறையைத் தீர்க்க முடியும் என்று உறுதியாக நம்பியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2002ஆம் ஆண்டு லைப்சிக் நகரில் வேறொரு பெயரில் தொடங்கிய கண்காட்சியின் வழித்தோன்றலாக, 2009ஆம் ஆண்டு கொலோனில் கேம்ஸ்கொம் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளும் இணையத்தில் மட்டுமே நடந்தது. அதன்பின் மீண்டும் எழுந்து, 2025இல் 128 நாடுகளிலிருந்து 3 இலட்சத்து 57 ஆயிரம் பேரை ஈர்த்திருக்கிறது. காட்சிப்படுத்த வந்த நிறுவனங்கள் மட்டும் 1,500க்கும் மேல். ரைன் நதிக்கரையில், டொய்ட்ஸ் ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் மண்டபங்களுக்குள் இத்தனை பேர் ஐந்து நாட்களில் வந்து போகிறார்கள் என்பது ஏற்பாட்டாளர்கள் பெருமைப்படத்தக்க செய்தியே. நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் பெயர் குறித்து வாங்க வேண்டும் என்ற விதியால், வாசலில் நடக்கும் நெரிசலும் ஒரு கட்டுக்குள் வந்திருக்கிறது. வாசலுக்கு வகுத்த ஒழுங்கை விளையாட்டுத் திரைகளுக்கும் வகுத்தால் என்ன என்பதே என் கேள்வி.

இதை ஒரு சிறு கணக்கால் விளக்க விரும்புகிறேன். பெரிய நிறுவனம் ஒன்று தன் அரங்கில் புதிய விளையாட்டுக்காக 40 திரைகளை வைத்திருக்கிறது என்று கொள்வோம். ஒருவருக்கு 20 நிமிட விளையாட்டு. அவர் எழுந்து, அடுத்தவர் அமர்ந்து, தலையணி ஒலிபெருக்கியைத் துடைத்து, பொத்தான்களை விளக்கிச் சொல்லி முடிக்க இன்னும் 5 நிமிடம். அப்படியானால் பத்து மணிநேரத்தில் 24 சுற்றுகள்தான் நடக்கும். அன்று முழுவதும் அந்த அரங்கில் விளையாடக் கூடியவர்கள் 960 பேர். ஆனால் அன்றைய தினம் மண்டபங்களுக்குள் நடமாடுபவர்களோ பல பத்தாயிரம் பேர். அவர்களுள் இருபதில் ஒருவர் அந்த விளையாட்டை விரும்பினாலே வரிசை நிரம்பி வழிந்துவிடும். இந்தப் பற்றாக்குறையை எந்த ஏற்பாட்டாளராலும் முற்றாக நீக்க முடியாது என்பதை நான் அறிவேன். 40 திரைகளை 80 ஆக்கினாலும் அது தீரப்போவதில்லை.

ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. வரிசையில் 300 பேர் நின்றால், கடைசியில் நிற்பவர் திரையின் முன் அமர ஏறக்குறைய மூன்று மணிநேரமாகும். இதை அரங்கின் பொறுப்பாளர் எவரும் காலையிலேயே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். ‘இங்கிருந்து இரண்டு மணிநேரம்’, ‘இங்கிருந்து மூன்று மணிநேரம்’ என்று பலகை வைக்கும் அரங்குகள் பல உண்டு. அவற்றின் நேர்மையைப் பாராட்டுகிறேன். வைக்காதவையும் உண்டு. அப்படி ஓர் அரங்கில், அதன் பெயரை இங்கே குறிப்பிட நான் விரும்பவில்லை, என் மகளும் அவளுடைய தோழியும் பிற்பகல் முழுவதும் நின்ற பிறகு, இன்றைக்கு இவ்வளவுதான் என்று கயிறு கட்டி வரிசையை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் முணுமுணுக்கவும் இல்லை. பக்கத்தில் நின்ற பெரியவர்கள்தாம் வாதாடினார்கள். அந்த வரிசை முடிவடையாது என்பது அவர்கள் வந்து நின்ற நேரத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய செய்தி. அதைச் சொல்லாமல் பிள்ளைகளை நிற்க வைத்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வரிசை நீளமாக இருப்பது விளம்பரத்துக்கு உதவுகிறது என்ற எண்ணம் சில நிறுவனங்களிடம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. மண்டபத்தின் நடுவே வளைந்து வளைந்து நிற்கும் கூட்டத்தைப் படமெடுத்துப் பரப்பினால், அந்த விளையாட்டுக்கு அவ்வளவு வரவேற்பு என்று உலகம் நினைக்கும் அல்லவா? அப்படி நிற்பவர்களுக்கு அட்டைப்பெட்டியை மடித்துச் செய்த சிறு இருக்கைகளையும் கொடுக்கிறார்கள். அவற்றின் மீதும் நிறுவனத்தின் சின்னம்தான். மடிக்கும் கதிரையை வீட்டிலிருந்தே கொண்டு வரும் இளைஞர்களும் ஏராளம். தாகத்துக்குத் தண்ணீர் வாங்கவும், கழிப்பறைக்குப் போகவும் இடத்தை விட்டு நகர முடியாமல், முன்பின் அறியாதவரிடம் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடுகிறார்கள். நீரிழிவு உள்ளவரும், நெடுநேரம் நிற்க இயலாதவரும், கூட்ட இரைச்சலைத் தாங்க முடியாத பிள்ளைகளும் இந்த முறையில் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டுவிடுகிறார்கள்.

இதைவிட என்னை அதிகம் வருத்துவது, நின்று களைத்து உள்ளே போனபின் விளையாடக் கொடுக்காமல் திரைப்படம் போல ஒரு காட்சியைப் போட்டுக் காட்டி அனுப்பும் வழக்கம். விளையாட்டு இன்னும் பொதுமக்களின் கையில் கொடுக்கும் நிலைக்கு வரவில்லை என்றால் அதில் தவறொன்றுமில்லை. பெரிய விளையாட்டுகள் பல ஆண்டுகளாக உருவாகின்றன. ஆனால் ‘இங்கே பார்க்க மட்டுமே முடியும்’ என்று வரிசையின் தலைப்பில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். பார்ப்பதற்கும் விளையாடுவதற்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டே போதிய சான்று. 2018இலும் 2019இலும் அது கண்காட்சிகளில் காட்டப்பட்டது. பொதுமக்களுக்கு விளையாடக் கொடுக்கப்படவில்லை. 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி அது விற்பனைக்கு வந்தபோது, பழைய பிளேஸ்டேசன் 4 கருவியில் அது இயங்கிய நிலை அவ்வளவு மோசமாக இருந்ததால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் சோனி நிறுவனம் அதைத் தன் இணையக் கடையிலிருந்தே அகற்றி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. பல மாதங்கள் கழித்து, 2021ஆம் ஆண்டு ஜூனில்தான் அது மீண்டும் அங்கே விற்பனைக்கு வந்தது. அந்தக் கருவியில் பத்து நிமிடம் விளையாடிப் பார்க்கும் வாய்ப்பு முன்பே கிடைத்திருந்தால், எத்தனையோ குடும்பங்கள் பொறுத்திருந்து வாங்கியிருக்கும். இன்று ஒரு புதிய பெரிய விளையாட்டின் விலை 70 யூரோவையும் 80 யூரோவையும் தொட்டுவிட்டது. ஒரே சம்பளத்தில் வாழும் வீட்டுக்கு அது சிறு தொகையன்று.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் பெரியோர். ஆனால் இங்கே பதம் பார்க்கும் சோற்றைச் சமைத்தவரே தெரிந்தெடுத்துத் தருகிறார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. கண்காட்சியில் கொடுக்கப்படும் பகுதி, முழு விளையாட்டிலிருந்து வெட்டியெடுத்து, பிழை நீக்கி, மெருகேற்றி, இருபது நிமிடத்துக்குள் ஓர் உச்சக்கட்டம் வந்துவிடும்படி அமைக்கப்பட்ட துண்டு. கதை நன்றாக இருக்குமா, முப்பது மணிநேரம் கழித்தும் சலிக்காதா என்பவற்றை அதை வைத்து முடிவு செய்ய இயலாது. நம் கைக்கு அது ஒத்துவருகிறதா என்பதை மட்டும் அது மறைக்க முடியாது. பொத்தானை அழுத்தியவுடன் பாத்திரம் அசைகிறதா, கண நேரம் தயங்குகிறதா? திரையின் எழுத்துகளைக் கண்ணாடி அணிந்தவர் வாசிக்க முடிகிறதா? காட்சி சுழலும்போது தலை சுற்றுகிறதா? தோற்றபின் மறுபடி முயல மனம் வருகிறதா? விளம்பரக் காணொளி எவ்வளவு அழகாக இருந்தாலும் இவற்றுள் ஒன்றுக்கும் விடை சொல்லாது. ஐந்து நிமிடம் கருவியைக் கையில் பிடித்தவருக்கு நான்குக்கும் விடை கிடைத்துவிடும். என் மூத்த மகன் பல மாதங்களாகக் காத்திருந்த ஒரு விளையாட்டைக் கண்காட்சியில் விளையாடிப் பார்த்துவிட்டு, அந்தக் காட்சிச் சுழற்சி தனக்குத் தலைவலி தருகிறது என்று தானே சொல்லி, வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டான். இவ்வாறு தெளிந்து முடிவெடுக்கப் பிள்ளைக்கு வாய்ப்புக் கிடைப்பதற்காகவே நான் நுழைவுச்சீட்டுக்குப் பணம் கொடுக்கிறேன்.

வீட்டிலேயே முன்னோட்டப் பதிப்பைப் பதிவிறக்கி விளையாடலாமே, எதற்கு இந்த அலைச்சல் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையத்தளம் ஆண்டுக்கு மூன்று முறை, பெப்ரவரி, ஜூன், ஒக்டோபர் மாதங்களில், இன்னும் வெளிவராத நூற்றுக்கணக்கான விளையாட்டுகளின் முன்னோட்டங்களை ஒரு வாரத்துக்கு இலவசமாகத் திறந்து வைக்கிறது. கணினி வைத்திருப்போர் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பெரும் நிறுவனங்களின் விளையாட்டுகள் பல அங்கே வருவதில்லை. நல்ல கணினி எல்லா வீட்டிலும் இருப்பதும் இல்லை. இவற்றுக்கு மேலாக, வீட்டில் விளையாடும்போது நம்மை எவரும் கவனிப்பதில்லை. கண்காட்சியில், குறிப்பாகச் சிறு நிறுவனங்களின் மேசைகளில், விளையாட்டை உருவாக்கியவரே பின்னால் நின்று, நம் விரல் எங்கே தடுமாறுகிறது, எந்தக் கதவை நாம் கவனிக்காமல் கடந்து போகிறோம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். ஒரு சிறுமி ஓரிடத்தில் சிக்கி நின்றால், அடுத்த மாதம் அந்த இடத்தையே அவர் மாற்றி அமைக்கக் கூடும். விளையாடுபவரும் உருவாக்குபவரும் இவ்வளவு அருகில் நிற்கும் வாய்ப்பு ஆண்டின் மற்ற நாட்களில் கிடைப்பது அரிது.

ஆகவே நான் கேட்பது இதுதான். பெரிய அரங்குகள், தம் திரைகளில் ஒரு பாதியையாவது நேரம் குறித்த சீட்டுகளின் மூலம் வழங்க வேண்டும். இது புதிய யோசனையன்று. யப்பானில் 1996 முதல் நடந்துவரும் டோக்கியோ கேம் ஷோவில், எண்ணும் நேரமும் குறித்த சீட்டைக் காலையில் பெற்றுக்கொண்டு, அந்த நேரத்துக்குத் திரும்பி வந்து விளையாடும் முறை நெடுங்காலமாக வழக்கத்தில் இருக்கிறது. சில நிறுவனங்கள் அதற்கு முன்னதாகவே இணையத்திலும் இடம் ஒதுக்குகின்றன. அங்கே கூட்டம் குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. 2024இல் 2 இலட்சத்து 74 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நடைபெறும் பாக்ஸ் கண்காட்சிகளில் நிண்டெண்டோவும் தன் அரங்குக்கு முன்பதிவு முறையைக் கையாண்டிருக்கிறது.

எல்லா இடங்களையும் இணையத்தில் மட்டுமே ஒதுக்கினால், விரைவான இணைப்பும் பழக்கமும் உள்ளவர்களே அவற்றை நொடியில் அள்ளிக்கொண்டு போவார்கள் என்பதும் உண்மை. அதனால்தான் பாதி என்கிறேன். மற்றப் பாதி, நேரில் வந்து நிற்பவர்களுக்கே இருக்கட்டும். வரிசையில் நிற்பதையே ஒரு மகிழ்ச்சியாகக் கொள்ளும் இளைஞர்களை நான் கண்டிருக்கிறேன். பெல்ஜியத்திலிருந்து வந்தவரும் போலந்திலிருந்து வந்தவரும் வரிசையிலேயே நண்பர்களாகி, கையடக்கக் கருவியில் சேர்ந்து விளையாடுகிறார்கள். அந்த உறவைக் கெடுக்க நான் விரும்பவில்லை. நிற்பதா, சீட்டுப் பெற்றுத் திரும்பி வருவதா என்று தெரிவு செய்யும் உரிமை வந்தவருக்கு இருக்க வேண்டும். நேரச் சீட்டு கிடைத்த பிள்ளை அந்த இடைப்பட்ட மூன்று மணிநேரத்தில் இன்னும் ஐந்தாறு விளையாட்டுகளைப் பார்க்கும். இதனால் நன்மை பெறுபவை சிறு அரங்குகளே என்பதால், அவற்றின் சார்பிலும் ஏற்பாட்டாளர்கள் இதை ஒரு விதியாகவே கொண்டுவர வேண்டும் என்று வேண்டுகிறேன். ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டால் ஒருபோதும் நடக்காது.

நம்மவர்கள் பலர் அறியாத இன்னொரு செய்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஜேர்மனியில் விளையாட்டுகளுக்கு வயது வரம்பு குறிக்கும் யு.எஸ்.கே. அமைப்பு 0, 6, 12, 16, 18 என ஐந்து படிகளை வைத்திருக்கிறது. பெட்டியின் மீதுள்ள வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு அடையாளங்கள் முறையே அவற்றைக் குறிப்பவை. கண்காட்சியில் அடையாள அட்டையைக் காட்டினால் வயதுக்கேற்ற கைப்பட்டி கட்டிவிடுவார்கள். அது இல்லாமல் வயது வரம்புள்ள விளையாட்டின் வரிசையில் நின்று பயனில்லை. 18 வயதுக்குரிய விளையாட்டுகள் வெளியிலிருந்து பார்க்க முடியாதபடி மறைத்த அறைகளுக்குள்ளேயே வைக்கப்படுகின்றன. அப்பாவோ அம்மாவோ கூட வந்தாலும் சிறு பிள்ளையை உள்ளே விடமாட்டார்கள். பிள்ளையின் அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்து, வாசலில் வாதாடும் பெற்றோரைப் பார்க்கும்போது, இந்த விவரம் தமிழில் ஒரு முறையாவது அச்சாகியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றும்.

பிள்ளைகளுடன் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு, என் அனுபவத்தில் கண்ட ஒரு வழியைச் சொல்ல அனுமதியுங்கள். கதவு திறந்ததும் எல்லோரும் ஓடும் திசையில் ஓட வேண்டாம். முதலில் 10ஆம் மண்டபத்துக்குப் போங்கள். தனியாகவும், இரண்டு மூன்று பேராகவும் சேர்ந்து விளையாட்டு உருவாக்குவோரின் மேசைகள் அங்கேதான் இருக்கின்றன. காத்திருப்பு பெரும்பாலும் நிமிடக் கணக்கில்தான். அடுத்த சில வாரங்களில் கடைக்கு வரப்போகும் விளையாட்டுக்காகப் பாதி நாளை வரிசையில் கழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2025ஆம் ஆண்டுக் கண்காட்சியில் ஹாலோ நைட்: சில்க்சொங் விளையாட்டை முயன்று பார்க்க அவ்வளவு கூட்டம் நின்றது. 2019இல் அறிவிக்கப்பட்டு ஆறு ஆண்டுகள் காக்க வைத்த விளையாட்டு என்பதால் அந்த ஆவல் எனக்குப் புரிகிறது. ஆனால் கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோதே வெளியீட்டுத் திகதி அறிவிக்கப்பட்டு, செப்டெம்பர் 4ஆம் திகதி அது எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் சேர்ந்து உருவாக்கிய விளையாட்டு அது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். இன்று பெருங்கூட்டம் நிற்கும் விளையாட்டின் முதற்பகுதியும் ஒரு காலத்தில் எவரும் அறியாத சிறு முயற்சியாகவே தொடங்கியது.

நம் சமூகத்துக்கு இதில் வேறொரு அக்கறையும் உண்டு. கனடாவின் டொரோண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம், புலம்பெயர்ந்து கனடாவுக்கு வந்த ஒரு தமிழ்த் தாயின் சமையலறையை மையமாக வைத்து ‘வெண்பா’ என்ற விளையாட்டை 2023இல் வெளியிட்டது. இட்லியும் பிரியாணியும் செய்யும் முறையையே புதிராக அமைத்து, மொழி மறந்து போகும் மகனுக்கும் தாய்க்கும் இடையிலான தூரத்தைச் சொல்லும் அந்தச் சிறிய விளையாட்டு, 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதைச் சிறந்த அறிமுகப் படைப்புக்காகப் பெற்றது. அதே ஆண்டு சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். பெருவிருதையும் வென்றது. இத்தகைய படைப்பு ஒன்று எந்தக் கண்காட்சியிலும் மூன்று மணிநேர வரிசையின் முடிவில் இருக்காது. ஏதோ ஒரு மேசையில், தேடிப் போகிறவர்களுக்காகக் காத்திருக்கும். ஆனால் பிள்ளைகளின் நேரம் முழுவதையும் பெரிய அரங்குகளின் கயிறுகளுக்குள்ளேயே கட்டி வைத்தால் அவர்கள் எப்போது தேடிப் போவார்கள்? விளையாட்டை ஆக்குவதும் ஒரு தொழில், அதை நம்மைப் போன்றவரும் செய்கிறார்கள் என்று கண்ணால் கண்டு, அவரோடு பேசித் திரும்பும் பிள்ளை, அந்த ஆவலை வீட்டுக்கும் கொண்டு வருகிறது. என் மகள் நிரலாக்கம் படிக்கத் தொடங்கியது, ஒரு சிறு மேசையில் நின்ற இளம் பெண்ணிடம் ‘இதை நீங்களா செய்தீர்கள்?’ என்று கேட்டு, அரை மணிநேரம் பேசிய பிறகுதான்.

அடுத்த கண்காட்சிக்கான நுழைவுச்சீட்டு விற்பனை தொடங்கும் காலத்தில், வயது வரம்பு, கைப்பட்டி, அடையாள அட்டை ஆகியவற்றைப் பற்றிய விளக்கத்தைத் தங்கள் பத்திரிகை தமிழில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செய்தியாளரை அனுப்பும் வாய்ப்பிருந்தால், மேடை அறிவிப்புகளோடு நின்றுவிடாமல், எந்தெந்த அரங்குகள் நேரச் சீட்டு கொடுத்தன, எவை காத்திருப்பு நேரத்தைப் பலகையில் எழுதி வைத்தன, எவை விளையாடக் கொடுக்காமல் காட்சி மட்டும் காட்டின என்பதையும் பார்த்து எழுதச் சொல்லுங்கள். சனிக்கிழமைக்கான சீட்டுகளே பொதுவாக முதலில் தீர்ந்துவிடுகின்றன என்பதால், வேலைக்கு விடுப்பு எடுக்கக் கூடியவர்கள் வியாழக்கிழமையைத் தெரிவு செய்வது நல்லது என்ற குறிப்பையும் அந்த விளக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
டோட்முண்ட், ஜேர்மனி.